குப்பைக்கு வாய்ப்பாடு தெரியாது

அத்தியாயம் ஆறு

மூன்று மணிக்கு லெனாட் கள்ளனாகிவிடுவான். இப்போது நேரம் பன்னிரண்டு நாற்பது. எங்களை ஏற்றிவந்த என் மோட்டார் சைக்கிளோ கொக்குவில் ரயில் கடவையில், மூடிய தடிக்கு முன்னால், மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"றோய், உம்மடை கால் ஏன் ஆடுது?" பின்னாலிருந்து தயாளினி ரீச்சர் கேட்டார்.

"அது எஞ்சின், ரீச்சர்."

"எஞ்சினை நிப்பாட்டி ரெண்டு நிமிஷமாச்சு."

இப்படிப்பட்டவரிடம்தான் நான் வேலை பார்க்கிறேன். இருபது வருடம் கணிதம் படிப்பித்து, ஓ.எல். பரீட்சை விடைத்தாள் திருத்தி, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைப் பார்த்து எழுதியது என்று பிழையை வைத்தே பிடித்தவர். முன்கூட்டியே ஓய்வு பெற்று, ஒரு தையற்கடைக்கு மேல் 'தயாளினி துப்பறியும் சேவை' என்று பலகை போட்டிருக்கிறார். வரும் வழக்குகளில் முக்கால்வாசி வெளிநாட்டு மாப்பிள்ளை விசாரணை. நான் உதவியாளர். வயது முப்பத்தெட்டு. என் சொந்தக் கலியாணத்துக்கும் ஒருமுறை விசாரணை வைக்கச் சொன்னேன். "பொம்பிளை எண்டு ஒராள் இருந்தால்தானே றோய் விசாரிக்கலாம்" என்றுவிட்டார்.

ஆனால் இன்று காலை வந்த வழக்கில் மாப்பிள்ளை இல்லை. குருநகர் றெஜினா வந்தாள். செருப்பு இடம் வலம் மாறிக் கிடந்தது அவள் காலில். தம்பி லெனாட், வயது இருபத்தேழு, திங்கட்கிழமை விடிய நண்டு வலைக்குத் தனியாகப் போனவன். இன்று வியாழன். மீனவர் சங்கத்துப் படகுகள் இரண்டு நாளாகத் தேடுகின்றன. அனுமதி எடுத்து, படகிலிருந்தே இரண்டு ட்ரோனும் பறக்கவிட்டு, பதினோராயிரம் படம் பிடித்தாயிற்று. பதினோராயிரத்தையும் சங்கத்துக் கொம்பியூட்டர் பார்த்து முடித்துச் சொன்ன மறுமொழி: கடலில் படகு இல்லை.

கடலில் படகு இல்லையென்றால் எங்கே இருக்கும்? புது எஞ்சின் பூட்டிய சங்கத்துப் படகு அது. அக்கரைக்கு, இந்தியாவுக்கு, ஓடிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. மூன்று மணிக்குச் சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை தேடும் படகுகளைத் திருப்பிக் கூப்பிட்டு, பொலிசில் படகுக் களவு என்று எழுதிக் கொடுக்கப்போகிறார்.

"ஓடுறவன் எண்டால் ஏன் ரீச்சர் என்ரை குசினிக் கூரையிலை கிடந்த படங்கைக் கழட்டிக்கொண்டு போறான்?" என்று கேட்டாள் றெஜினா. "புதுத் தார்ப்பாய்ப் படங்கு. செம்மஞ்சள். மழை வரும் எண்டவன். இப்ப மழை என்ரை குசினி அடுப்புக்குள்ளை."

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் கண்ணைப் பார்த்ததும் அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ரீச்சர் மட்டும் மேசையில் விரலால் தட்டியபடி இருந்தார். "கடல் பொய் சொல்லாது. லெனாட் சொன்னானோ தெரியாது. மூண்டாவது சாட்சி கொம்பியூட்டர். அதை இன்னும் ஆரும் குறுக்கு விசாரணை செய்யேல்லை."

ரயில் போனது. தடி எழும்பியது. நான் பறந்தேன். அதாவது, மணிக்கு முப்பத்தைந்து கிலோமீற்றரில்.

*

படங்களைப் பார்க்கும் அந்தப் புரோகிராமை எழுதியவள் கஜந்தினி. கொக்குவிலில் மதில் கட்டிய வளவு வீடு ஒன்றின் முன்னறைதான் அவள் வேலை செய்யும் கந்தோர். இருபத்தாறு வயது, சிவந்த கண், கையில் ஒரு பேனை. அதன் தலையை டிக் டிக்கென்று அமத்திக்கொண்டே இருந்தாள். வாடைக்காற்று வெளியே தகரக் கதவை அடித்துக்கொண்டிருந்தது. பேனையும் கதவும் என் காலும் மூன்று தாளத்தில் போயின.

"நான் எல்லாம் சோதிச்சனான் ரீச்சர். படகு, மிதவை, தொப்பி, வாளி... கடலிலை எடுப்பாத் தெரியிறது செம்மஞ்சள்தான். அந்த நிறத்திலை எது கிடந்தாலும் கண்டுபிடிக்கும்."

"கண்டுபிடிச்சது வேண்டாம் பிள்ளை. கண்டுபிடிச்சிட்டு வேண்டாம் எண்டு எறிஞ்சது எங்கை?"

"குப்பைப் பட்டியலோ? அது சும்மா... போத்தல், அறுந்த மிதவை. சின்னனா இருந்தால் குப்பை எண்டு கழிச்சிடும்."

"நான் சரியான விடையைப் பாத்து ஒருநாளும் ஒருத்தரையும் பிடிச்சதில்லை. பிழையைத் தாரும்."

நான்காயிரம் வரி. ரீச்சர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு திரையில் வரி வரியாக இறங்கினார். நான் தண்ணி குடித்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். மறுபடி தண்ணி குடித்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு ரீச்சரின் விரல் நின்றது.

"நேற்றுப் பின்னேரம் நாலு பத்து. ஒரே படத்திலை ரெண்டு செம்மஞ்சள் கீற்று. நாலரைக்கும் ரெண்டு. நாலு அம்பதுக்கும் ரெண்டு. றோய், குப்பை சோடியாப் போகுமோ?"

"எங்கடை ஊர்க் கலியாணங்களை விட ஒற்றுமையாப் போகுது, ரீச்சர். ஆனா வலையிலை கட்டின மிதவையா இருக்கலாம். கயிறு நடுவிலை இருந்தால் சேந்துதான் மிதக்கும்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். வருடத்தில் இரண்டு தடவை பார்க்கிற பார்வை. "நல்ல கேள்வி. ரெண்டுக்கும் நடுவிலை எத்தினை புள்ளி இடைவெளி, பிள்ளை?"

கஜந்தினி கணக்கெடுத்தாள். "முதல் படத்திலை முப்பத்திரண்டு. ரெண்டாவதிலை... முப்பத்திரண்டு. மூண்டாவதிலை..." டிக் டிக் நின்றது. "அறுபத்து நாலு."

"முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு," என்றார் ரீச்சர். "மிதவைக் கயிறெண்டால் முப்பது வரும், நாப்பத்தொண்டு வரும். கமராவின்ரை புள்ளியை எண்ணி ஆர் மிதவை கட்டுறது? குப்பைக்கு வாய்ப்பாடு தெரியாது, றோய். உது மனிசர் செய்த இடைவெளி. நடுவிலை இருந்த எதையோ ஆரோ வெட்டி எடுத்திருக்கினம்."

கஜந்தினியின் முகம் சுண்ணாம்பாகப் போயிற்று.

"முப்பத்திரண்டு எங்கடை எண்," என்றாள் மெதுவாக.

"எங்கடை எண்டால்?"

"கிராபிக்ஸ் காட் எண்டு கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிற அட்டையின்ரை எண். படத்தை அது முப்பத்திரண்டு புள்ளி, முப்பத்திரண்டு புள்ளியாத்தான் வெட்டிப் பாக்கும்."

"புரோகிராமைக் கடைசியாத் தொட்டது ஆர்?"

"நான்தான். நேற்று விடிய ஆறு பத்துக்கு."

"சங்கத்துக்குச் சொன்னனீரோ?"

"இல்லை. சொன்னால் திரும்பச் சோதிக்கச் சொல்லுவினம். அவருக்கு..." சட்டென்று நிறுத்தினாள். "லெனாட்டுக்கு அவ்வளவு நேரம் இல்லை எண்டு நினைச்சன்."

அந்த 'அவருக்கு' எனக்குப் போதும். என் மூளை வேலை செய்யும் அபூர்வமான தருணங்களில் அதுவும் ஒன்று. ரீச்சரை வாசலுக்குக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னேன்: "வழக்கு முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் விருப்பம். அவன் அக்கரைக்குப் போறதுக்கு இவள் கொம்பியூட்டரின்ரை கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறாள்."

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப நேற்றுப் பின்னேரம் நாலு பத்துக்கு அவன் ஏன் நடுக்கடலிலை நிண்டு ட்ரோனுக்குப் படங்கு காட்டுறான்?"

வழக்கு முடியவில்லை.

*

"விளங்கப்படுத்தும் பிள்ளை. சுருக்கமா. றோயும் நிக்கிறார்."

கஜந்தினி ஒரு கடுதாசியில் முப்பத்திரண்டு வட்டம் கீறினாள். அவசரத்தில் சில வட்டங்கள் முட்டையாயின.

"இதெல்லாம் பல்ப் எண்டு வையுங்கோ. படத்திலை செம்மஞ்சள் புள்ளி அஞ்சு தொடர்ந்து வந்தால், அஞ்சு பல்ப் எரியவேணும். எரியிற, எரியாத அந்த வரிசைக்குத்தான் பிட்மாஸ்க் எண்டு பேர். பழைய புரோகிராம் ஒண்டொண்டாப் பத்தவைச்சது. ஒண்டு, ரெண்டு, மூண்டு... செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்த படங்களுக்கே மூண்டு நாள் செல்லும் எண்டு காட்டிச்சுது. மூண்டு நாள் ரீச்சர்! அதுக்குள்ளை குடிதண்ணி முடிஞ்சிடும்."

"அதாலை?"

"ஒரே அடியிலை எல்லாத்தையும் பத்தவைக்கிற வழி ஒண்டு இருக்கு. முதல் இடத்திலை ஒண்டைப் போட்டு, அதை அஞ்சு இடம் தள்ளிவிட்டு, வாறதிலை ஒண்டைக் கழிக்கவேணும். பின்னாலை இருக்கிற அஞ்சும் எரியும்."

"நூறிலை ஒண்டைக் கழிச்சால் ரெண்டு ஒன்பது வாறமாதிரி," என்றார் ரீச்சர்.

"ஓம், அதேதான்! கணக்கு ரெண்டே ரெண்டு. மூண்டு நாள் வேலை நாலு மணித்தியாலத்திலை முடிஞ்சுது."

"அஞ்சுக்குச் சரி. முப்பத்திரண்டும் செம்மஞ்சளா இருந்தால்?"

"ஒண்டு கடைசி இடத்தையும் தாண்டி வெளியிலை விழுந்திடும். மிச்சம் சைபர். சைபரிலை ஒண்டைக் கழிச்சால்..."

"எல்லாம் ஒன்பது," என்றேன் நான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மோட்டார் சைக்கிள் மீற்றரைப் பின்னுக்குச் சுத்தினால் சைபருக்கு அடுத்தது தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. ஒருக்கா விக்க வெளிக்கிட்டனான்."

"அதுதான் இன்னும் உம்மட்டை நிக்குது," என்றார் ரீச்சர். "சரி. முப்பத்திரண்டைப் போட்டுக் காட்டும்."

அவள் தன் பெரிய மெஷினில் தட்டினாள். திரையில் முப்பத்திரண்டு ஒன்றுகள் வரிசையாக நின்றன. எல்லாப் பல்பும் எரிந்தது. பிழையே இல்லை.

கதவு அடித்தது. மணி ஒன்று ஐம்பது. எங்களிடம் இருந்த ஒரே நூலும் கையில் அறுந்து வந்ததுபோல் இருந்தது. கஜந்தினி அழத் தொடங்கினாள். நான் என் கைலேஞ்சியை எடுத்தேன். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ரீச்சர் அந்தப் பெரிய மெஷினை, வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளையைச் சந்தேகிப்பதுபோல, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சோதிச்சது இஞ்சை. படத்தைப் பாத்தது?"

"சங்கத்து மெஷின். நோர்வேயிலை இருக்கிற ஒராள் அனுப்பின பழைய விளையாட்டு மெஷின். அதிலை இருக்கிறது வேறை காட் அட்டை..." கஜந்தினி அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டர் திறப்பைத் தேட ஆரம்பித்தாள்.

*

குருநகர்ச் சங்கக் கந்தோரை அடைய இரண்டு இருபது. துறையில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. றெஜினா மேசைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் நீக்கிலாப்பிள்ளை, ஐம்பத்தைந்து வயது, கடல் காய்ச்சிய முகம். ஒரு கையில் வோக்கி-டோக்கி. மற்றக் கையில் பொலிசுக்கு எழுதிய கடிதம்.

"அண்ணை, பத்து நிமிஷம் தாங்கோ," என்றார் ரீச்சர்.

"மூண்டு மணி வரைக்கும் நான் மனிசன் ரீச்சர். அதுக்குப் பிறகு தலைவர். வெளியிலை நிக்கிற படகுகள் ரெண்டிலையும் எண்ணெய் முடியுது. அதிலையும் பிள்ளையள் இருக்கினம்."

கஜந்தினி கதிரையில் இருக்கவே இல்லை. நின்றபடியே தட்டினாள். அதே புரோகிராம். அதே முப்பத்திரண்டு.

திரையில் முப்பத்திரண்டு சைபர்கள்.

ஒரு பல்ப்கூட எரியவில்லை.

"எப்பிடி?" என்றாள் அவள்.

ரீச்சர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். "றோய், இப்ப ரெண்டரை. மணிமுள்ளைப் பன்னிரண்டு மணித்தியாலம் தள்ளினால் எங்கை நிக்கும்?"

"அதே இடத்திலை."

"முள்ளு தள்ளுப்பட்டமாதிரியோ இருக்கும், தள்ளுப்படாதமாதிரியோ?"

"தள்ளுப்படாதமாதிரி."

"அவ்வளவுதான். கொக்குவில் அட்டையிலை முப்பத்திரண்டு இடம் தள்ளினால் ஒண்டு வெளியிலை விழும். இந்த அட்டை மணிக்கூட்டுச் சாதி. முப்பத்திரண்டு தள்ளினால் ஒரு சுத்துச் சுத்தித் துவங்கின இடத்துக்கே வருது. ஒண்டு ஒண்டாவே நிக்குது. ஒண்டிலை ஒண்டு போனால்?"

"சைபர்," என்றாள் கஜந்தினி. "முப்பத்திரண்டு தள்ளினால் என்ன செய்யவேணும் எண்டு விதியிலை எழுதியே இல்லை. ஒவ்வொரு அட்டையும் தன்ரை எண்ணத்துக்குச் செய்யும். எனக்கு அது தெரியும், ரீச்சர். தெரிஞ்சுகொண்டும் அவசரத்திலை..."

"அதாவது," ரீச்சர் நீக்கிலாப்பிள்ளை பக்கம் திரும்பினார், "இந்த மெஷினுக்கு ஒரு புள்ளி தெரியும். முப்பத்தொரு புள்ளி தெரியும். முப்பத்திரண்டும் நிரம்பினால் ஒண்டும் தெரியாது. நடு முழுக்கக் காணாமல் போய், ரெண்டு ஓரக் கீற்று மட்டும் மிஞ்சும். அது சின்னன் எண்டபடியால் குப்பை. கையளவு தொப்பியை விரிச்சிருந்தால் அவனைக் கண்டிருக்கும், அண்ணை. அவன் பெரிசா விரிச்சிட்டான்."

நீக்கிலாப்பிள்ளையின் கையிலிருந்த கடிதம் மெல்ல இறங்கியது.

"நான்தானே சொல்லிக் குடுத்தனான்," என்றார். "ஆபத்தெண்டால் கையைக் காட்டாதை, சட்டையைக் காட்டாதை, இருக்கிற படங்கைப் பெரிசா விரி, துடுப்பிலை கட்டி இழுத்து விரி... வருஷா வருஷம் எங்கடை பெடியள் எல்லாருக்கும் கூட்டம் வைச்சுச் சொல்லுறனான்."

நான் ஏதாவது பகிடி சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். பிறகு மூடினேன். அன்றைக்கு நான் செய்த நல்ல காரியங்களில் அது முதலாவது.

"திருத்தலாமோ பிள்ளை?"

"மற்றப் பக்கத்தாலை வரலாம். முதலிலை முப்பத்திரண்டு பல்பையும் எரியவிட்டு, வேண்டாததை மட்டும் தள்ளி விழுத்திறது. முப்பத்திரண்டும் வேணுமெண்டால் சைபர் இடம் தள்ளு. மணிக்கூட்டுச் சாதியும் பிழைக்காது. வேகமும் குறையாது."

"பொறும். ஒண்டுமே வேண்டாம் எண்டால் முப்பத்திரண்டு தள்ளவேணும். திரும்பவும் அதே குழி."

"செம்மஞ்சள் ஒரு புள்ளியும் இல்லாட்டி இந்த வரிக்கே வராது. முதலே திருப்பி அனுப்பியிடும்."

"சோதியும்."

"ரீச்சர், நேரம்..."

"நேற்றும் நேரம் இல்லைத்தான். சோதியும்."

சோதித்தாள். ஒன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. இந்த மெஷினில். மூன்றும் சரி. பிறகு அந்த மூன்று படங்களையும் போட்டாள்.

இரண்டு நாற்பத்தொன்றுக்குத் திரையில் கடல் விரிந்தது. சாம்பல் கடல். நடுவில், கடலோடு கலந்துபோன சாம்பல் படகின் மேல், இரண்டு குப்பைக் கீற்றுகளுக்கு இடையில், ஒரு செம்மஞ்சள் சதுரம். பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்கு இரண்டு கை.

"என்ரை படங்கு," என்றாள் றெஜினா. திரையைத் தொட்டாள். பிறகுதான் அழுதாள்.

நீக்கிலாப்பிள்ளை மூன்று படத்தின் நேரத்தையும் இடத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்தார். நாற்பது நிமிடத்தில் படகு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் இழுபட்டது என்று விரலால் அளந்தார். நேற்றிலிருந்து மாறாமல் அடிக்கும் வாடையைக் கேட்பதுபோல் ஒரு கணம் தலையைச் சரித்தார். வரைபடத்தில் வெறும் நீலமாகக் கிடந்த ஓரிடத்தில் விரலை ஊன்றினார்.

"இஞ்சை. இதுக்குள்ளை எங்கையோ." பொலிசுக் கடிதத்தை நாலாகக் கிழித்து என் கையில் திணித்துவிட்டுத் துறைக்கு ஓடினார். ஓடும்போதே வோக்கியில் கத்தினார். "திரும்பாதேங்கோ! நான் எண்ணெயோடை வாறன்!"

*

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. துப்பறியும் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை அதுதான். நாலு மணி. நாலரை. கஜந்தினி தன் பேனையை எங்கேயோ தொலைத்துவிட்டு, என் பேனையை வாங்கி டிக் டிக் என்றாள். றெஜினா நடந்து நடந்து செருப்பை ஒருவழியாகச் சரியான காலுக்கு மாற்றிக்கொண்டாள். என் இரண்டு காலும் ஆடின. ரீச்சர் என்னைக் கண்டிக்கவில்லை. குனிந்து பார்த்தபோது அவருடைய காலும் ஆடிக்கொண்டிருந்தது.

"அது எஞ்சின், றோய்," என்றார்.

ஐந்து பதினெட்டுக்கு மேசையில் கிடந்த வோக்கி இருமியது. இரைச்சல். காற்று. பிறகு நீக்கிலாப்பிள்ளை.

"ஆள் இருக்கு! கதைக்கிறான்! உதடு வெடிச்சுப்போச்சு, மற்றும்படி சுகம். எஞ்சின்தான் செத்துப்போச்சு."

றெஜினா வோக்கியைப் பறித்தாள். பறித்த வேகத்திலேயே கஜந்தினியிடம் நீட்டினாள். கஜந்தினி அதைக் கன்னத்தோடு வைத்து, மன்னிப்புக் கேட்டு, "சொறி," என்றாள், "சொறி, சொறி." பொத்தானை அமத்த மறந்திருந்தாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் அவளுக்குப் பொத்தானைக் காட்டினேன். அவள் அதை அமத்தி, "தண்ணி குடிச்சிட்டீரோ?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து லெனாட்டின் கரகரத்த குரல். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

கடைசியில் றெஜினா வோக்கியைத் திரும்ப வாங்கினாள். மூன்று நாள் பயமும் அவளிடம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "அண்ணை, அவனைக் கேளுங்கோ, என்ரை படங்கு எங்கையெண்டு!"

வோக்கி மறுபடி இருமியது.

"இருக்குது பிள்ளை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "எங்கடை படகிலைதான் இருக்கிறான். ஆனா படங்கை மடிக்க விடுறானில்லை. ரெண்டு கையாலையும் விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நாங்கள் கண்டிட்டம் எண்டு எத்தினை தரம் சொன்னாலும் நம்பிறானில்லை."